ஒரு வரி இடப்பக்கம் நின்றது

நீர்வேலியில் எங்கள் தோட்டக் கிணறு நாலு பங்கு. நாளுக்கு ஒரு பங்கு என்று முறை வைத்து இறைக்கிறோம். அதில் ஒரு பங்கு சீதனத்தில் இரண்டாகி, அக்காவும் தங்கையும் முறைக்கு ஒருவராக மாறி மாறி இறைக்க வேண்டும். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற நான் ஒரு சிறிய கணினி நிரல் எழுதினேன். நாளைக்கு யாருடைய முறையோ, அவருடைய போனுக்கு முதல்நாள் பின்னேரமே செய்தி போகும்.

இரண்டு கிழமைக்கு மேல் கழித்துத் தங்கை என் வீட்டு வாசல் படலையடிக்கு வந்தார்.

"மாஸ்ரர், எனக்கு ஒருக்காலும் மெசேஜ் வரேல்லை. கத்தரி வாடுது."

"கொம்பியூட்டர் பிழை விடாது பிள்ளை. நீர்தான் போனை வடிவாப் பாக்கிறேல்லை."

அவர் திரும்பிப் போய்விட்டார். ஆயுள் முழுக்கப் பிறர் விடைத்தாளில் பிழை பிடித்த நான், என்னுடையதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு நெல்லியடியிலிருந்து மருமகள் வந்திருந்தாள். மென்பொருள் எழுதுவதே அவளுக்கு வேலை. மழை பெய்யும் நாளில் முறை நகரக் கூடாது என்று நான் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொண்டிருந்தேன். பழைய வரிகள் எல்லாம் அதன் கீழே ஒரு படி வலப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும். எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை ஓரத்து இடைவெளிதான் தீர்மானிக்கும். வரிக்கு நாலு தட்டாக இடைவெளிக் கட்டையைத் தட்டினேன்.

"உப்பிடித் தட்டினா பொழுதுபட்டிடும் மாமா. பெரிய எழுத்து 'V'யைத் தட்டுங்கோ, முழு வரியும் தெரிவாகும். 'j'யைத் தட்டித் தட்டிக் கடைசி வரி வரைக்கும் இறங்குங்கோ. இப்ப கணக்கிலை 'பெரிது' எண்டு போடுவியளே, அந்தக் குறியை ஒருக்கா."

மவுஸைத் தொடவேயில்லை. எல்லா வரிகளும் ஒன்றாக நகர்ந்தன. கையால் தள்ளியிருந்தால் கண்ணுக்குச் சரியென்று எல்லாவற்றையும் நேராக்கியிருப்பேன். ஒன்றாக நகர்ந்ததால் கோணல் கோணலாகவே நின்றது. 'அடுத்த முறை மற்றவருக்கு' என்ற வரி சகோதரிகளின் முறைக்குள் இல்லாமல், ஒரு படி இடப்பக்கம் வெளியே நின்றது. அதனால் அது தினமும் மாறியிருக்கிறது. நாலு நாளில் நாலு தரம் மாறி, சகோதரிகளின் நாள் வரும்போது திரும்பவும் அக்காவிடமே வந்திருக்கிறது.

"அந்த வரியிலை நிண்டு அதே குறியை ரெண்டு தரம்," என்றாள். வரி உள்ளே போனது. தங்கையைப் பிழை சொல்லி அனுப்பியதை நான் சொன்னேன்.

"அப்ப இதிலை இருந்து என்ன செய்யிறியள்? போங்கோ."

போனேன். தங்கையின் கத்தரிப் பாத்தியில் பாதி காய்ந்திருந்தது.

"பிழை என்ரை, பிள்ளை. உம்மடை போன் இல்லை."

"என்ரை போன் நல்ல போன் எண்டு எனக்குத் தெரியும் மாஸ்ரர்."

என்னுடைய அடுத்த இரண்டு முறையையும் அவருக்கு விட்டேன். மறுக்கவில்லை. சில கன்றுகள் தப்பின, மற்றவற்றைப் பிடுங்கிப் போட்டார்.

வரிகளைத் தள்ளும்போதெல்லாம் மருமகளை நன்றியோடு நினைக்கிறேன். இப்போது தங்கையின் முறைக்குச் செய்தி போன பிறகு, நானே போன் எடுத்தும் கேட்கிறேன்.

"ஓம் மாஸ்ரர், வந்தது."

இன்னும் எனக்குப் பதில் சொல்கிறாரே, அதுவே பெரிது.