கன்டெய்னர் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

இது நடந்தது. நடந்த இடம் இருக்கிறது, நடந்த ஆளும் இருக்கிறார். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்தக் கன்டெய்னர் யார்டின் நீளக் காம்பவுண்டுச் சுவரை நீங்களே பார்க்கலாம். பேய் என்றதும் அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது பட்டப்பகலில் நடந்தது. மணி பன்னிரண்டு நாற்பத்தேழு, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம்.

அந்த ஆள், ஆனந்தகுமார், வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. சில இடங்களில் குறைத்திருக்கிறேன், ஏனென்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

அந்த யார்டில் என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பஞ்சு, தூத்துக்குடியில் இறங்கி, கன்டெய்னர் சீல் உடைக்காமல் நேராக இங்கே வரும். குமாரபாளையம் பக்கத்து மில்களுக்குப் போகிற சரக்கு. ஆனால் சோதனை முடியாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. பஞ்சுப் பொதிக்குள் பதுங்கி வருகிற அயல்நாட்டு வண்டு ஒன்று நம் பருத்திக் காட்டுக்குள் இறங்கிவிட்டால், அப்புறம் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகவே செவ்வாய்க்கிழமை தோறும் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து மைதிலி மேடம் வருவார். பயிர்த் தொற்றுத் தடுப்பு அதிகாரி. டார்ச்சும் லென்சுமாகக் கன்டெய்னருக்குள் ஏறிப் பொதிகளைப் பார்ப்பார், மாதிரி எடுப்பார், கையெழுத்துப் போடுவார்.

அதன் பிறகு ஆனந்தகுமாரின் வேலை. கன்டெய்னர் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, குழாய் வழியாக உள்ளே விஷ வாயுவை விட வேண்டும். யார்டில் அதற்குப் பெயர் ‘கேஸ் போடறது’. இருபத்துநாலு மணி நேரம் மூடி வைப்பார்கள். உள்ளே ஒரு உயிர் மிஞ்சாது. வண்டு, புழு, எலி... எதுவும்.

எனவே கதவைச் சாத்துமுன் உள்ளே ஆள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு, கையெழுத்துப் போட ஒரு கட்டமும் உண்டு. ஆனால் ஆனந்தகுமார் நம்பியது செருப்பைத்தான். பஞ்சுப் பொதி மேல் செருப்புக் காலோடு ஏற முடியாது, வழுக்கும். லோடுமேன்கள் எல்லாரும் கன்டெய்னர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். வாசலில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இல்லையென்றால் இல்லை. பதினோரு வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்த லோடுமேன்களில் ஒருவன் கதிர்வேல். ஆனந்தகுமாரின் மனைவி ரஞ்சனிக்குத் தம்பி. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் ஊர் ஊராக அலைந்து, ஒரு தடவை கையை நசுக்கிக்கொண்டு வந்தவன். வெளியூர் வேண்டவே வேண்டாம் என்று அவன் அம்மா சௌந்திரம் ஒற்றைக்காலில் நின்று, மருமகனிடம் வந்து கேட்டார். “உங்க கண்ணு முன்னால இருந்தாப் போதும் சாமி. நீங்க பாத்துக்குவீங்க” என்றார். மாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆனந்தகுமார் அவனை யார்டில் சேர்த்துவிட்டார். ஒரே பையன். அவனுக்கு ஒன்று என்றால் அந்த அம்மாள் இருக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

2024, மார்ச் 5, செவ்வாய். மைதிலி மேடம் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆட்கள் செருப்பை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆனந்தகுமார் டேப்பை எடுத்துக்கொண்டு கதவருகே வந்தார். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நீல ரப்பர் செருப்பு.

யாரோ உள்ளே தூங்குகிறான் என்று நினைத்தார். மணி பார்த்தார். 12:47. திட்டிக்கொண்டே ஏறி, பொதி மேல் தவழ்ந்து, கடைசி மூலைவரை டார்ச் அடித்துப் பார்த்தார். யாரும் இல்லை. வியர்வையில் குளித்து இறங்கினால் செருப்பையும் காணோம். எவனோ மறந்துவிட்டுப் போய்த் திரும்ப வந்து எடுத்திருக்கிறான் என்று விட்டுவிட்டார். நீங்களும் நானும் அப்படித்தான் விட்டிருப்போம்.

அடுத்த செவ்வாய். மார்ச் 12. அதே செருப்பு. மணியைப் பார்த்தார். 12:47.

இந்தத் தடவை குனிந்து கையில் எடுத்தார். அப்போதுதான் கவனித்தார். லோடுமேன் செருப்பு எப்படி இருக்கும்? குதிகால் தேய்ந்து, வார் நைந்து, செம்மண் ஏறி இருக்கும். இது புத்தம் புதுசு. விலை ஸ்டிக்கர்கூட உரியவில்லை. அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. தரையில் ஒரு அடிகூட வைக்காத செருப்பு, இந்தப் புழுதிக்குள் எப்படி வந்தது? இடது கால் வாரில் ஒரு மஞ்சள் கயிறு மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. கயிறு பழசு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது. விரலில் ஒட்டியது.

கீழே வைத்துவிட்டு உள்ளே ஏறித் தேடினார். ஆள் இல்லை. இறங்கினார். செருப்பும் இல்லை. மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் போய் ஒவ்வொருவர் காலையும் பார்த்தார். நீலச் செருப்புக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாம் தேய்ந்தது. மஞ்சள் கயிறு யாரிடமும் இல்லை. கதிர்வேல் தன் பழைய பழுப்புத் தோல் செருப்பைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். “மச்சானுக்கு வெயிலு ஏறிப் போச்சுங்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனந்தகுமாரும் சிரித்து வைத்தார்.

மார்ச் 19. மீண்டும் செருப்பு. மீண்டும் தேடினார். மீண்டும் மாயம். பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தி, டேப் ஒட்டி, 1:05க்கு கேஸைத் திறந்தார்.

1:19.

டக். டக். டக்.

கொஞ்சம் இடைவெளி.

டக்.

உள்ளேயிருந்து.

வெயிலில் கன்டெய்னர் தகரம் விரிந்து சத்தம் போடும். அது அவருக்குத் தெரியும். ஆனால் தகரம் இப்படி எண்ணித் தட்டாது. முகமூடியை மாட்டிக்கொண்டு டேப்பைக் கிழித்துக் கதவைத் திறந்தார். கேஸ் அத்தனையும் காற்றில் போயிற்று. உள்ளே பஞ்சு இருந்தது, வேறொன்றும் இல்லை.

முதலாளி வந்து நார் நாராகக் கிழித்துவிட்டார். மில்லில் சரக்குக்குக் காத்துக் கிடக்கிறார்கள், இவன் செருப்பையும் சத்தத்தையும் பிடித்துக்கொண்டு திரிகிறான் என்றார். இன்னொரு தடவை இந்த மாதிரி நடந்தால் நீயும் வேண்டாம், நீ கொண்டுவந்து சேர்த்த மச்சினனும் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். கதிர்வேலும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆனந்தகுமாருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? இனி அந்தச் செருப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று அன்று முடிவெடுத்தார்.

பாவி மனுஷன், எடுத்த முடிவில் நின்றார்.

மார்ச் 26. காலையிலிருந்து ஆனந்தகுமாருக்குப் பின்பக்கக் கொட்டகையில் சிலிண்டர் இறக்குகிற வேலை. கதிர்வேலை அன்று அவர் பார்க்கவே இல்லை. பன்னிரண்டரைக்கு மைதிலி மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டதாக மேஸ்திரி வந்து சொன்னார். டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஆட்கள் எல்லாரும் போயிருந்தார்கள்.

வாசலில் நீலச் செருப்பு.

மணி 12:47.

பழுப்புச் செருப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். இல்லை. கதிர்வேல் சாப்பிடப் போய்விட்டான் என்று மனசு நிம்மதியானது. உள்ளே பார்த்து “யாராச்சும் இருக்கீங்களா?” என்று ஒரு குரல் கொடுத்தார். பதில் இல்லை. ஏறிப் பார்க்கக் காலைத் தூக்கினார். மூன்று தடவை தவழ்ந்து தவழ்ந்து தேடிய ஞாபகம் வந்தது. முதலாளி முகம் வந்தது. காலை இறக்கிக்கொண்டார்.

செருப்பைப் பார்த்துச் சொன்னார். “போ. உன்னோட மல்லுக்கட்ட இன்னைக்கு நேரமில்ல.”

கதவைச் சாத்தினார். டேப் ஒட்டினார்.

1:05. கேஸ்.

1:19...

டக். டக். டக்.

டக்.

காதைப் பொத்திக்கொண்டார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காத தூரத்துக்கு, கேட் பக்கம் வேகமாக நடந்தார். இரண்டு தடவை மறுபடி தட்டுவது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குளித்தார், தூங்கினார். வாரக் கணக்கில் வராத தூக்கம் அன்று வந்தது என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

மாலை 6:50. போன் அடித்தது. யார்டு வாட்ச்மேன் அருணகிரி.

யார்டுக்குள் போகிறவர்கள் போனைக் கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தீப்பொறி பயம். வேலை முடிந்து போகும்போது எடுத்துக்கொள்வார்கள்.

“ஏனுங்க, எல்லாரும் போயிட்டாங்க. பெட்டியில ஒரு போனு மட்டும் கெடக்குதுங்க. அரை மணி நேரமா விடாம அடிக்குது.”

“யாருதுன்னு பாருங்க.”

“தெரியலீங்க. ‘அக்கா’ன்னு பேரு வருதுங்க.”

ஆனந்தகுமார் திரும்பிப் பார்த்தார். அடுப்படி வாசலில் ரஞ்சனி, காதில் போனோடு நின்றுகொண்டிருந்தாள். தம்பி மத்தியானத்திலிருந்து எடுக்கவே மாட்டேங்கிறான், அம்மா அழுகிறாள் என்றாள்.

வண்டியை எப்படி ஓட்டினார் என்று அவருக்குத் தெரியாது.

7:14. வெளிச்சம் போய்விட்டது. அருணகிரி டார்ச்சோடு முன்னால் ஓடினார். கன்டெய்னர் வாசலில் நின்றார்.

“இது யாரு செருப்புங்க?” என்றார்.

நீலச் செருப்பு.

இத்தனை நாளில் அது இன்னொருவர் கண்ணில் பட்டது அன்றுதான்.

அது போகவில்லை.

புழுதி படிந்திருந்தது. ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. குதிகாலில் வியர்வைத் தடம்...

முகமூடியை மாட்டினார். டேப்பைக் கிழித்தார்.

கதவை முழுதாகக்கூடத் திறக்கவில்லை. உள்ளே ஏதோ சாய்ந்து கிடந்தது.

கதிர்வேல்.

கதவோரம். கை கதவை நோக்கி.

நடந்தது அப்புறம் தெரிந்தது. மைதிலி மேடம் தன் டார்ச்சை உள்ளேயே விட்டுவிட்டார். யாராவது எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள், கதிர்வேல் மட்டும் ஏறியிருக்கிறான். அடுப்பு மாதிரிக் கொதிக்கிற கன்டெய்னர். கடைசி மூலையில் மயங்கி விழுந்திருக்கிறான். டார்ச் வராமலே மேடம் வேறு வேலையாகக் கிளம்பிப் போய்விட்டார். பையனுக்கு நினைவு வந்தபோது மணி 1:19 ஆகியிருக்க வேண்டும். போலீஸ், வழக்கு, ஜாமீன் எல்லாம் நடந்தது. ஆனந்தகுமார் எதையும் மறுக்கவில்லை. நீலச் செருப்பு மூன்று வாரமாக வந்ததை மட்டும் போலீஸிடம் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? அதற்கு முன் அந்த யார்டில் ஒருவரும் செத்ததில்லை. அவரே விசாரித்துப் பார்த்துவிட்டார். இடமும் சுத்தம், மண்ணும் சுத்தம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மாமியார் சௌந்திரம் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். போனார். போலீஸ் திருப்பிக் கொடுத்த பையைப் பிரித்து, அந்த அம்மாள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஆனந்தகுமார் நிலைப்படியைத் தாண்டவில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, இது எப்போது வாங்கியது என்று கேட்டார்.

“அன்னைக்குக் காத்தாலதான் சாமி. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல அவன் தோல் செருப்பு வாரு அறுந்து போச்சு. ஆசுபத்திரிக்குப் போறதுக்கு நானும் கூட வந்திருந்தேன். எதுத்தாப்பல கடையில வாங்கிக் குடுத்தேன். மணி எட்டு இருக்கும்.”

மார்ச் 26, காலை எட்டு மணி. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தது மார்ச் 12.

கயிறு? அதையும் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

சௌந்திரம் தன் இடது மணிக்கட்டைத் தடவினார். அங்கே வருஷக் கணக்காகக் கயிறு கிடந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. மாரியம்மன் கோயில் கயிறு. பஸ் ஏறுமுன் தன் கையிலிருந்து அவிழ்த்து, அவன் செருப்பில் அவரே முடிச்சுப் போட்டிருக்கிறார்.

“எல்லாருதும் நீலந்தான்னு சொன்னான் சாமி. மச்சான் செருப்பப் பாத்துட்டுத்தான் கதவச் சாத்துவாரு, நீ பயப்படாதம்மான்னு எப்பவும் சொல்லுவான். அதான்... உங்க கண்ணுல நல்லாப் படட்டும்னு கட்டிவுட்டேன்.”