காலுக்கடியில் பிரேக் இல்லாத இருக்கை

என் அண்ணி இருபது வருடத்துக்கும் மேலாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறாள். பயிற்சிக் கார் சின்னது, வெள்ளை நிறம். அதில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கைதான் அவளுடைய இடம். அந்த இருக்கைக்கு முன்னால், அவள் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிற பெண் பதறிப்போய் எதையாவது அழுத்திவிட்டால், அண்ணி அலட்டிக்கொள்ளாமல் காலை ஊன்றுவாள். கார் நின்றுவிடும். லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரிகூட அவளை ‘ரெண்டாம் பிரேக்கம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

“பயமா இருக்கு மேடம்” என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

“பயத்த வீட்லயே வச்சுப் பூட்டிட்டு வாம்மா. இது காரு, புலி இல்ல” என்பாள்.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். எதையும் ஆற அமரச் செய்வான். சட்டைக்குப் பொத்தான் போட ஆரம்பித்தால், போட்டு முடிப்பதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். கடைக்குப் பஸ்ஸில் போவான், பஸ்ஸில் வருவான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் அவனுடைய தங்கை, அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கிறேன். அதனால் நடந்தது எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவளும் நான்தான்.

போன வருடம் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பழுதாகிப் போனது. புதியது வாங்கிய கடையில் ஒரு பரிசுக் கூப்பனைக் கொடுத்து, பெயரெழுதிப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணியும் போட்டுவிட்டு மறந்துபோனாள். ஒரு மாதம் கழித்து ஒருவன் போன் செய்து, “மேடம், உங்களுக்குத்தான் முதல் பரிசு, கார் விழுந்திருக்கு” என்றான்.

“எங்க விழுந்துச்சு? யாராவது வேலை வெட்டி இல்லாதவன் தலையில விழுந்திருக்கும், அங்க போய்ப் பாரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். அவன் மறுபடி மறுபடி கூப்பிட்டு, கடைசியில் கடை முதலாளியே வீட்டுக்கு வந்து கும்பிட்ட பிறகுதான் நம்பினாள்.

நான் ஏதோ சாதாரணக் கார் என்று நினைத்திருந்தேன். ஷோரூமில் துணியை விலக்கியதும் எனக்கு வாயடைத்துப் போயிற்று. கறுப்பு நிறத்தில் நீளமாக, தரையோடு தரையாகப் பதுங்கினாற்போல நின்றது. பந்தயத்தில் ஓடுகிற எஞ்சினை எடுத்து, பணக்காரர்கள் சாய்ந்து போகிற காருக்குள் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அண்ணி இருந்த இடத்திலேயே நின்றாள்.

ஷோரூம் பையன் உற்சாகமாக விளக்கிக்கொண்டே போனான். “நாலே செகண்டுல நூறத் தொட்டுடும் மேடம்.”

“தொட்டுட்டு?”

“மேடம்?”

“தொட்டுட்டு நிக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கறேன்.”

அவன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தாள். மெத்தென்ற கம்பளம் மட்டும்தான் இருந்தது. “இங்க உக்காந்திருக்கறவ இத நிறுத்தணும்னா என்ன பண்ணணும்?” என்று கேட்டாள்.

“அதுக்கு அவசியமே வராது மேடம். இந்தக் காருக்கே மூளை இருக்கு.”

“மூளை இருக்கறவங்கதான் எங்கிட்டக் கத்துக்க வராங்க. நீ பதில் சொல்லு.”

அவன் இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்த ஒரு சின்னப் பித்தானைக் காட்டினான். நிறுத்தி வைக்கும்போது போடுகிற பிரேக் அது. ஓடும்போது அதை மேலே இழுத்து விடாமல் பிடித்தால், எஞ்சினை அடக்கிக் காரை நிறுத்திவிடும் என்றான். அண்ணி தானே ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அவள்தான் ஓட்டி வந்தாள். கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது. தோல் வாசனை மூக்கில் ஏறியது. இருக்கை தானாகவே முன்னால் நகர்ந்து அவள் இடுப்பை அணைத்துப் பிடித்தது. “ஐயோ, என்ன இது, கட்டிப் பிடிக்குது!” என்று அவள் கத்த, அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் வழி முழுக்க அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் காதால் கார் ஓட்டுகிறவள். எஞ்சின் முனகுவதை வைத்தே மாணவியின் கால் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இதில் ஒன்றுமே கேட்கவில்லை. மெதுவாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் பின்னால் போய்விட்டிருந்தன.

எங்கள் தெருவில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். இந்தக் கார் தனியாக வந்தாலே தெரு அடைத்துக்கொண்டது. பெரிய சாலையில் நடுக்கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கியது. யாராவது அருகில் வந்தால் கீச்சுக் கீச்சென்று கத்தியது. பால் வண்டிக்காரர் ஒதுங்கி நின்று, ஊர்வலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்த வாரம் அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. காருக்கு உறை போட்டாள், உறை பறக்காமல் இருக்கச் செங்கல் வைத்தாள், செங்கல் கீறிவிடும் என்று எடுத்தாள். காரோடு கொடுத்த தடிப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். ஓட்டினாலும் தெருமுனை வரை ஊர்ந்து போய்த் திரும்பிவிடுவாள்.

“அண்ணி, நீங்களா பயப்படறீங்க?” என்று கேட்டேன்.

“பயமெல்லாம் இல்ல. மரியாதை” என்றாள். சொல்லிக்கொண்டே உறையை மறுபடி இழுத்துச் சரிசெய்தாள்.

அண்ணனோ வேறு ஆளாகிப் போனான். கடையிலிருந்து சீக்கிரம் வந்தான். உறையைத் தூக்கிப் பார்த்தான். “ஒரே ஒரு தடவை நான் ஓட்டறேனே” என்று குழந்தை மாதிரிக் கெஞ்சினான். அவனிடம் லைசென்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில் அண்ணியே கற்றுக்கொடுத்து வாங்கியது. அதற்குப் பிறகு அவன் ஓட்டியது குறைவு. ஆனாலும் பரிசாக வந்த காரைக் கணவன் தொடக்கூடாது என்று எந்த மனைவி சொல்ல முடியும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்மதித்தாள். ஊருக்கு வெளியே, வண்டி நடமாட்டம் இல்லாத சுற்றுச்சாலையில் கொஞ்ச தூரம் மட்டும் என்று பேச்சு.

என்னையும் கூட்டிப் போனார்கள். சுற்றுச்சாலை வரை அண்ணி ஓட்டினாள். அங்கே இடம் மாறிக்கொண்டார்கள். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததும் பழக்கத்தில் காலை நீட்டி பிரேக்கைத் தேடினாள். கால் வெறும் கம்பளத்தைத் தடவுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

கிளம்பும்போதே கார் எகிறிக் குதித்தது. என் தலை இருக்கையில் மோதியது.

“மெதுவாங்க!”

“மெதுவாத்தான் வச்சேன். தொட்டதுமே பாயுது பாரேன்!” அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாதது.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனான். பிறகு சாலையோர மரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பச்சைக் கோடாயின. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. எதிரே இருந்த திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

“குறைங்க.”

“நான் அழுத்தவே இல்லையே.”

“எண்ணப் பாருங்க! குறைங்கன்னு சொல்றேன்ல!”

தூரத்தில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று நத்தை மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் என்று நான் நினைத்த அடுத்த மூச்சில் அது அருகில் இருந்தது. கம்பிகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் முனையில் கட்டிய சிவப்புத் துணி பெரிதாகிக்கொண்டே வந்தது.

“பிரேக்கு!” அண்ணி தன் காலால் கம்பளத்தை ஓங்கி மிதித்தாள்.

“பிரேக்தான் போடறேன்! பிரேக்தான் போட்டிருக்கேன்!”

கார் இன்னும் வேகமெடுத்தது. அண்ணன் குரல் உடைந்துபோனதைக் கேட்டேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சீட் பெல்ட் மார்பை இறுக்கியது. கார் முழுவதும் கடகடவென்று உதறியது. டயர் கருகும் நாற்றம் வந்தது. பிறகு ஒரே அமைதி.

கண்ணைத் திறந்தபோது சிவப்புத் துணி எங்கள் கண்ணாடிக்கு நேர் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அது மெல்ல விலகிப் போனது. லாரிக்காரருக்கு எதுவுமே தெரியாது. அண்ணியின் கை இன்னும் அந்தப் பித்தானை இழுத்துப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

காரை ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். அண்ணன் கதவைத் திறந்து, காலை வெளியே நீட்டி உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது.

“சத்தியமா பிரேக்லதான் கால் வச்சிருந்தேன். என்னை நம்பு.”

அண்ணி கொந்தளித்துத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் அவள் பார்வை அவன் பாதத்தில் நின்றுவிட்டது. வலது காலில் செருப்பு இல்லை. அது உள்ளே பெடலுக்கு அருகே கிடந்தது.

“செருப்பு எப்பக் கழண்டுச்சு?”

அவன் குனிந்து பார்த்தான். “கழண்டிருச்சா?”

அண்ணி தரையில் மண்டியிட்டு அவன் பாதத்தைத் தூக்கித் திருப்பினாள். சுண்டுவிரலுக்குக் கீழே தோல் கறுத்து வீங்கியிருந்தது. நடுவில் ஏதோ மின்னியது. மூக்குக்கண்ணாடிக்குப் போடுகிற மிகச் சின்னத் திருகாணி. கடைத் தரையில் கிடந்து ஏறியிருக்க வேண்டும். சதைக்குள் புதைந்து, சுற்றிலும் சீழ் கோத்திருந்தது.

“இது வலிக்கலையா உங்களுக்கு?”

“எது?”

அண்ணியின் முகம் மாறியது. “கண்ண மூடுங்க” என்றாள். அவன் மூடிக்கொண்டான். அவள் அவனுடைய கட்டைவிரலை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள்.

“எந்த விரலத் தொடறேன் சொல்லுங்க.”

அண்ணன் கண்ணை மூடியபடியே காத்திருந்தான். சாலையில் ஒரு வண்டி போயிற்று.

“முதல்ல தொடு, அப்புறம்தானே சொல்ல முடியும்?” என்றான்.

லாரியின் பின்னால் நின்றபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வரவில்லை. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிரேக் என்று நினைத்து அவன் எதை மிதித்திருப்பான் என்று அப்போதுதான் புரிந்தது. அவன் கண்ணைத் திறந்து அவள் விரலையும் தன் விரலையும் பார்த்தான்.

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவனுக்குச் சர்க்கரை நோய் இருப்பது எங்களுக்குத் தெரியும், மாத்திரை சாப்பிடுவதும் தெரியும். போன வருடத்திலிருந்தே பஞ்சு மேல் நடப்பதுபோல் இருந்ததாம். பஸ் படியில் இரண்டு முறை தடுமாறியிருக்கிறான். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டான். “உனக்கு எதுக்கு வீண் கவலைன்னு நெனச்சேன்” என்றான்.

“இருபது வருஷமா அடுத்தவங்க காலப் பாத்தே பொழப்ப ஓட்டறேன். எங்க வீட்டுக் காலப் பாக்கல பாருங்க” என்றாள் அண்ணி. அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை.

நேராக மருத்துவமனைக்குப் போனோம். அவள்தான் ஓட்டினாள். வழி முழுக்க நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு, ஓரமாக, சைக்கிள் வேகத்தில். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் தாண்டிப் போகும்போது, “ஓட்டத் தெரியாதவங்களுக்கெல்லாம் எதுக்கு இந்தக் காரு?” என்று கத்தினான். அண்ணி காதில் வாங்கவே இல்லை.

நரம்புகள் செத்துக்கொண்டு வருவதாக டாக்டர் சொன்னார். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா, பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும்” என்றார். இனிமேல் அவன் எந்த வண்டியும் ஓட்டக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் படுத்துக்கொண்டே சொன்னான்: “அந்தச் சனியன வித்துடு.”

அண்ணி அவன் காலுக்கடியில் தலையணை வைத்தாள். ஆனால் காரை விற்கவில்லை. ஏன் என்று இரண்டு முறை கேட்டேன். “அத விட்டா எனக்குச் சின்ன வண்டிதான் இருக்கு. அது கிளாசுக்குப் போயிடும். இவர யாரு கட்டுப் போடக் கூட்டிட்டுப் போறது?” என்றாள். காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்புக்குப் போவதற்கு முன்னால், அவள் அந்தக் காருக்குள் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதைப் பால்கனியிலிருந்து பார்ப்பேன். எஞ்சின்கூடப் போட்டிருக்க மாட்டாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கும்.

ஒருநாள் அவளுடைய பயிற்சிக் காரில் நானும் போக வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, “மேடம், பயமா இருக்கு” என்றாள். புலிக் கதை வரும் என்று காத்திருந்தேன்.

“எங்க பயம்? கையிலயா, கால்லயா?” என்று அண்ணி கேட்டாள்.

அந்தப் பெண் யோசித்துவிட்டு, “கால்ல மேடம்” என்றாள்.

“அப்ப சரி. செருப்பக் கழட்டிட்டு ஓட்டு.”

இப்போதும் வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு அந்தக் கறுப்புக் காரில்தான் போகிறோம். அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் திரையிலுள்ள எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவான். “முப்பது… முப்பத்தஞ்சு… ஏம்மா, நாப்பது ஆயிடுச்சு!”

“வாய மூடிக்கிட்டு வாங்க. எனக்கே உதறுது” என்பாள் அண்ணி.

அவனுக்குச் சிரிப்பு வரும். நான் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்வேன்.