மேலூர் ரூட் முதலில்

நான் படித்த பள்ளிக்கூடத்தில், கடைசி பெஞ்சுக்கு மேலே மாவட்ட வரைபடம் ஒன்று தொங்கும். ஓயாமல் பேசுகிறேன் என்று பூகோள வாத்தியார் என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார். அவர் அதைத் தண்டனை என்று நினைத்தார், எனக்கோ கொண்டாட்டம். பொடி எழுத்தில் இருந்த ஊர்ப் பெயர்களை வாய்க்குள் படித்துக்கொண்டே இருப்பேன். இத்தனை பட்டிகள் எதற்கு, அங்கே யார் இருப்பார்கள், எந்த வழியாகப் போவார்கள்? பாடம் ஏறவில்லை, ஊர்கள் ஏறிவிட்டன. எண்பதை நெருங்கும் இந்த வயதிலும் பஸ்ஸில் ஊர்ப் பலகை எதையும் படிக்காமல் விடுவதில்லை.

அந்தக் கிறுக்குக்குச் சம்பளமும் கொடுப்பார்கள் என்று அப்போது தெரியாது. மதுரையிலேயே தபால் பிரிக்கும் வேலை கிடைத்தது. எதிரே சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மர அடுக்கு; ஒவ்வோர் அறையும் ஒரு ரூட். முகவரியின் கடைசி வரியைப் பார்த்து, கடிதத்தை உரிய அறையில் செருக வேண்டும். ஆள் பெயரைப் படித்துக்கொண்டு நின்றால் மூட்டை தேங்கிவிடும். ஒரே பெயரில் நாலு ஊர் இருந்தாலும் நான் தடுமாறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் கை தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. கட்டுக் கட்டாகப் பிரித்தேன். முதல் நாள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் பக்கம், திரும்பும்போது அழகர்கோவில் பக்கம். மறுநாள் உசிலம்பட்டி பக்கம். மனைவிக்கு மூட்டு வலி, அதனால் நான் மட்டும் போனேன். முதல் நாள் அத்தனையும் கொடுத்துவிட்டு வெறும் பையோடு திரும்பியபோது எனக்கு அப்படி ஒரு பெருமை.

"அண்ணே என்ன சொன்னாக?" என்று கேட்டாள் மனைவி.

அவளுடைய அண்ணன் உசிலம்பட்டியைத் தாண்டி ஓர் ஊரில் இருந்தார். அவர் நாளைய பத்திரிகைக் கட்டில் இருக்கிறார் என்றேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாய்மாமனுக்குத் தாம்பூலத் தட்டில் வைத்து முதல் பத்திரிகையைக் கொடுக்காமல் எங்கள் பக்கம் யாரும் அடுத்த வாசல்படி ஏறுவதில்லை. அவர் சீர் கொண்டுவந்து நிற்காவிட்டால் மகள் மணவறையில் உட்கார முடியாது.

விடிந்ததும் தட்டோடு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "வாங்க" என்றார் மச்சான், தட்டை வாங்கவில்லை.

"எந்த ஊர்ல இருக்கேன்னு பாத்தீக மாப்ள. யாருன்னு பாக்கலையே" என்றார்.

வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் இந்தப் பாழும் புத்தி சும்மா இருக்கிறதா? அவர் வீட்டில் அப்போது போன்கூடக் கிடையாது. நேற்று மத்தியானம் மேலூரில் பத்திரிகை கொடுத்த செய்தி, விடிவதற்குள் எந்த வழியாக இங்கே வந்தது என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "என் தங்கச்சி அழுதாளா?"

அடுப்படிக்குள் போனவளை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனைச் சமாதானம் செய்வது எப்படி என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்றேன்.

மச்சான் எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தட்டை நீங்களே வச்சுக்கங்க. அவ கையால வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.