மெழுகைக் கடித்த இஞ்சின்

ஸ்பேனரக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இருசக்கர வண்டிப் பட்டறையில் எத்தனையோ செத்த வண்டிகளுக்கு உயிர் கொடுத்தவள், பந்தய இஞ்சின் மட்டும் கட்டியதில்லை. அந்த ஆசை அவளுக்கு ரொம்ப நாளாக உண்டு. முதல் வாய்ப்பைக் கொடுத்தவன் பந்தய வண்டி ஓட்டும் கூடப்பிறந்த தம்பி. கொடுத்த கையோடு ஒரு மிரட்டலும் வைத்தான்.

"ஓட்டத்துல உடைஞ்சுதுன்னா அடுத்த இஞ்சின் வேற ஆள்கிட்டதான் போகும்க்கா. அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

பயலுக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. இஞ்சின் தலை வேறு உடல் வேறாக மேசையில் கிடக்கும்போதே, வால்வைத் தள்ளித் திறக்கும் கேமில் கடையில் இருந்ததிலேயே உயரமான மேடு வைத்ததையும், இருந்ததிலேயே விறைப்பான வால்வு ஸ்பிரிங்குகளையும் வாங்கி வந்துவிட்டான். கேமின் மேடு உயர்ந்தால் வால்வு அதிகம் திறக்கும், காற்று அதிகம் போகும், வண்டி பறக்கும். அவன் படித்த பாடம் அவ்வளவுதான். வால்வு இறங்கும் இடத்துக்குப் பிஸ்டனும் ஏறி வருமே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் முட்டாதுக்கா" என்றான்.

முட்டுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிஸ்டன் தலையில் களிமண் அப்பி, இஞ்சினை மூடிக் கையால் சுற்றி, பிறகு திறந்து, அமுங்கிய இடத்தின் கனத்தை அளப்பார்கள். பட்டறைக் களிமண்ணோ காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அவள் கணவனுக்குப் பொய்ப்பல் கட்டும் இடத்தில் வேலை. அங்கிருந்து ரோஸ் நிற மெழுகுத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து, சூடுகாட்டி, பிஸ்டன் மேல் பதமாகப் படியவைத்தான். அவள் வால்வுகளில் எண்ணெய் தடவி மூடி இறுக்கினாள். சுற்றத் தொடங்கியதும் அவன் குனிந்து, தொழில் பழக்கத்தில், "மெதுவா கடிங்க... பின்பல்லாலயும் கடிங்க" என்றான்.

தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மச்சான், அது இஞ்சின்."

"இருக்கட்டும் மாப்ள. வாயின்னா வாய்தானே."

திறந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. காற்று நுழையும் வால்வு இறங்கிய இடத்தில் மெழுகு அடி தெரிய மெலிந்திருந்தது. "இது கடி இல்லம்மா, காயம்" என்றான் கணவன்.

அவள் பெரிய கேமைக் கடையில் திருப்பிக் கொடுத்து, நடுத்தர மேடுள்ளதை எடுத்தாள். கேமைத் தேய்த்துத் தின்றுவிடும் விறைப்பு ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு படி இளக்கமானதைப் போட்டாள். அதன் தலையில் உட்கார லேசான டைட்டானியம் தொப்பி. எடை குறைந்தால் ஸ்பிரிங் வால்வைச் சுலபமாக இழுத்து மூடிவிடும். மறுபடி மெழுகு வைத்துப் பார்த்தாள். இந்த முறை கடி சரியாக இருந்தது.

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "நேர் ரோட்டுல எல்லாரும் என்னைத் தாண்டிருவாங்க."

"தாண்டட்டும். வளைவுலேருந்து எழும்பும்போது இது நல்லா இழுக்கும், அங்க நீ பிடி. நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுத்துக்கு மேல மட்டும் முறுக்காத."

பந்தயத்தன்று அவள் தடத்தைப் பார்க்கவே இல்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றாள். நேர் பாதையில் இரண்டு பேர் அவனைத் தாண்டினார்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது ஒவ்வொருவராகத் திரும்பப் பிடித்தான். கடைசிச் சுற்றில் முன்னால் ஒரே ஒருவன்தான். அப்போது இஞ்சின் சத்தம் அவள் சொன்ன எல்லையைத் தாண்டி ஏறியது. வால்வு மூட நேரமில்லாமல் தடுமாறினால் சத்தம் கிழியும், அடுத்த நொடி எல்லாம் தூள். கணவனின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள்.

சத்தம் கிழியவில்லை. கோட்டுக்கு ஒரு சக்கர தூரம் முன்னால் தம்பி அந்த ஒருவனையும் தாண்டினான்.

அவள் விறுவிறுவென்று போனாள். "பதினோராயிரம்னு சொன்னேனா இல்லையா? யாரைக் கேட்டுடா முறுக்கின?"

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். "நீ கொஞ்சம் மிச்சம் வச்சுத்தான் சொல்லியிருப்பேன்னு தெரியும்க்கா. வேற யாரு கட்டியிருந்தாலும் முறுக்கியிருக்க மாட்டேன்."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, சிரிப்பு முந்திக்கொண்டது.