ஒரு கட்டிலுக்குத்தான் இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கட்டுக்கதை இல்லை. டேப் அக்காவுக்கு நடந்தது, அவர் வாயாலேயே நான் கேட்டது. அவர் லேசில் மிரளுகிற ஆளும் இல்லை. யாராவது பேய் என்று ஆரம்பித்தாலே, "அது வாடகை குடுக்குமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் இதைச் சொல்லும்போது மட்டும் விளக்கைப் போடச் சொல்வார். பட்டப்பகலில்கூட.

அவருடைய தொழில் கொஞ்சம் விசித்திரமானது. வயதானவர்கள் பெரிய வீட்டை விட்டுவிட்டு முதியோர் குடியிருப்பில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறும்போது கூட இருந்து வழிகாட்டுவார். எந்த இடம் தோதுப்படும், எதை எடுத்துப் போவது, எதை விடுவது, எல்லாம் அவர் பொறுப்பு. வெறும் பேச்சால் யாரையும் சம்மதிக்க வைக்க முடியாது என்பது அவர் அனுபவம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பழைய வீட்டின் கூடத்தை ஒழித்து, போகப்போகிற வீட்டை அதே அளவில் தரையில் மஞ்சள் டேப்பால் ஒட்டிக் காட்டுவார். இது கதவு, இது கட்டில், இது குளியலறை. உள்ளே கொஞ்ச நேரம் நடமாடிப் பாருங்கள், அப்புறம் பேசலாம் என்பார். டேப் சுருளை வளையல் மாதிரி இடது கையில் மாட்டிக்கொண்டே திரிவார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

அப்படி அவர் வழிகாட்டப் போன ஒரு பெரியவர், ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். ஊரையே மாடிக்கு ஏற்றி இறக்கிய மனிதர், சொந்த வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் இருப்பதோ கண்காணாத தூரத்தில். குடியிருப்பில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகிறது, இந்த வாரம் பதில் சொல்லாவிட்டால் கைவிட்டுப் போய்விடும், எப்படியாவது அப்பாவைச் சம்மதிக்க வையுங்கள் அக்கா என்று அவள் போனில் அழுதிருக்கிறாள்.

அக்கா போன அன்று நல்ல வெயில். கூடத்தில் டேப் ஒட்டி முடித்ததும் பெரியவர் கைத்தடியோடு உள்ளே வந்து பார்த்தார். சமையல் மேடை பிடித்திருந்தது. ஜன்னல் பிடித்திருந்தது. கட்டிலுக்காக ஒட்டிய கட்டத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஒண்ணுதானா?"

ஒன்றுதான் கொள்ளும், குளியலறை வரைக்கும் ஸ்ட்ரெச்சர் போக வழி விட வேண்டும், அது அங்கே விதி என்று அக்கா விளக்கினார்.

"அப்ப அவ எங்க படுப்பா?"

அவருடைய மனைவி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அக்கா இந்த மாதிரி நிறையப் பார்த்தவர். பக்குவமாக நினைவுபடுத்தினார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார் பெரியவர். "அவளுக்குத்தான் இன்னும் தெரியல."

தான் போய்விட்டால் அவள் இந்த வீட்டில் தனியாகக் கிடப்பாளே என்பதுதான் அவர் கவலை. அவளுக்கு இருட்டு என்றால் ஆகாதாம். கல்யாணமானதிலிருந்து ஒரு ராத்திரிகூட அவளைத் தனியாக விட்டதில்லையாம். லிஃப்டில் என்ன கோளாறு என்று சொல்வதுபோல, அழாமல் சொன்னார். பேசிக்கொண்டே நடந்தவர், கட்டில் கட்டத்துக்குப் பக்கத்தில் வெறும் தரையாக இருந்த இடத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனதை அக்கா கவனித்தார். அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியவரைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அலமாரியை அளக்க மாடிக்குப் போனார். அங்கே இரண்டு கட்டில்கள் ஒட்டிப் போட்டிருந்தன. மனைவியின் தலையணை நடுவில் குழிந்திருந்தது. கைப்பழக்கத்தில் அதைத் தட்டிச் சரிசெய்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினார். அளந்து முடித்துப் பார்த்தால்... தலையணை மறுபடி குழிந்திருந்தது.

பழைய பஞ்சு, அப்படித்தான் அமுங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மணி ஐந்து நாற்பது.

கீழே சத்தம் கேட்டது.

சர்ர்ர்ர்ர்ர்...

சுருளிலிருந்து டேப்பை இழுக்கிற சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவருக்கு அடையாளம் தெரியும். பெரியவர் விளையாடுகிறார் என்று நினைத்தார். சிரிப்புகூட வந்தது. பிறகு தன் இடது கையைப் பார்த்தார்.

சுருள் கையில்தான் இருந்தது.

இறங்கி வந்தார். பெரியவர் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முழித்திருந்தாலும் அந்த இடுப்போடு தரை வரைக்கும் குனிந்திருக்க முடியாது. வாசல் கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஆனால் கூடத்தில் கட்டிலின் கட்டத்தை ஒட்டி இன்னொரு கட்டம். அதே அளவு. அதே மஞ்சள். குளியலறைக்குப் போகிற வழியை அடைத்துக்கொண்டு.

பயம் வருவதற்கு முன்னால் அக்காவுக்குக் கோபம்தான் வரும். தரையில் உட்கார்ந்து அந்த டேப்பைப் பிய்க்க ஆரம்பித்தார். லேசில் வரவில்லை. துணுக்குத் துணுக்காக வந்தது. அடியில் பசை கறுத்து, தரையோடு இறுகிப்போயிருந்தது. வருடக்கணக்காக ஒட்டிக் கிடந்த டேப்தான் அப்படி வரும்.

கை நின்றது.

கூடத்தில் வெளிச்சம் மங்கியிருந்தது. முழங்காலில் காற்று பட்டது. சூடாக. விட்டு விட்டு...

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

தரையிலிருந்து.

அவர் உட்கார்ந்திருந்தது அந்த இரண்டாவது கட்டத்துக்குள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா."

பெண் குரல். தூக்கக் கலக்கத்தில். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொல்வதுபோல, சாதாரணமாக.

அக்கா ஓடவில்லை. கத்தவில்லை.

தள்ளிக்கொண்டார்.

நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் பெரியவர் நின்றிருந்தார்.

"முழிச்சிட்டாளா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். பெரியவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்ததாம். இத்தனை நாள் ஒண்டியாகச் சுமந்ததை இன்னொருவரும் பார்த்துவிட்ட நிம்மதி. பிறகு கேட்டார்.

"நான் அங்க போனா, அவளும் வருவாளாம்மா?"

தெரியாது என்பதுதான் உண்மையான பதில். ஆனால் அக்காவின் கண்ணெதிரே அந்த மாடிப்படி இருந்தது. காதில் மகளின் அழுகை இருந்தது. அங்கிருந்து தப்பித்தால் போதும் என்ற தவிப்பும் இருந்தது.

"வருவாங்க ஐயா. கூப்பிட்டா வருவாங்க."

பெரியவர் அன்றைக்கே சம்மதித்துவிட்டார். ஒரே கட்டிலோடு புது வீட்டுக்குப் போனார். கிளம்பும்போது கூடத்தைப் பார்த்து, "வா, போலாம்" என்றார். வண்டியில் ஜன்னலோர சீட்டைக் காலியாக விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஒண்டி உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். குடியிருப்பின் நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டார். பெரியவர் தரையில்தான் படுக்கிறார், வலி தாங்காமல் முனகுகிறார், தலைகீழாக நின்றாலும் கட்டிலில் ஏற மாட்டேன் என்கிறார் என்று முறையிட்டார். அக்கா ஓடிப்போய்க் கேட்டார்.

"ஒரு கட்டில்தான் கொள்ளும்னு நீதானேம்மா சொன்ன," என்றார் அவர். குறை சொல்கிற குரலில் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார், பாவம். வந்துவிட்டாள் என்று ரகசியமாகச் சொன்னார்.

இன்னொரு கட்டில் போட அனுமதி கேட்டு அக்கா நிர்வாகத்தோடு மல்லுக்கட்டினார். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. தரையின் ஈரம் நெஞ்சில் இறங்கி, பெரியவர் போய்ச் சேர்ந்தார். ஒரு கையைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தபடி தரையில் கிடந்தாராம். அக்கா சொந்த அப்பாவைப் பறிகொடுத்தவர் மாதிரி அழுதார். அதோடு எல்லாம் முடிந்தது என்றும் நினைத்தார்.

போன மாதம் வேறு வேலையாக அதே குடியிருப்புக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டில் இப்போது ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். புது ஆள், முன்கதை எதுவும் தெரியாது. அவரும் தரையில்தான் படுக்கிறார் என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாராம். ஏன் என்று அக்கா கேட்டிருக்கிறார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"கட்டில்ல எடமில்லைங்கிறார்," என்றார் நர்ஸ். "ராத்திரி பூரா ஒரு அம்மா அதுல புரண்டு புரண்டு படுக்கறாங்களாம். கைய நீட்டித் தரையில தடவறாங்களாம். இவர் கை தட்டுப்பட்டா உடனே உதறிட்டு, 'என்னங்க... எங்க இருக்கீங்க?'ன்னு அழறாங்களாம்."