சைபுதீன் தலையாட்டிய சனிக்கிழமை

மட்டாஞ்சேரியில் கூவப்பாடம் போகும் வழியில் சைபுதீனின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஷட்டரைத் தூக்கினால் மூன்று வண்டிகள் நிற்கும் இடம், அவ்வளவுதான். தாத்தா கம்பத்திலிருந்து மிளகு வியாபாரத்துக்கு வந்தவர். அத்தா பஜாரில் மூட்டை தூக்கினார். சைபுதீன் பதினாறு வயதில் ஸ்பேனரைக் கையிலெடுத்து, இருபத்தொன்பதில் சொந்தமாகக் கடை போட்டார். வீட்டில் ராவுத்தர் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். இப்போது நாற்பத்தாறு வயது.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது காதுதான். வண்டியை ஸ்டார்ட் செய்து கார்புரேட்டர் திருகில் கை வைத்து, தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்பார். கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே. அப்புறம் அந்த வண்டி ஆறு மாதத்துக்குக் குறை சொல்லாது. போர்ட் கொச்சியிலிருந்தும் கலூரிலிருந்தும் பழைய புல்லட்காரர்கள் தேடி வந்தது அதற்காகத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சின் மேலே வால்வு தட்டுகிற டேப்பெட் சத்தம் தாங்க முடியவில்லை என்றார். சைபுதீன் குனிந்து கேட்டார். அவருக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. எஞ்சினின் தடதடப்பு கேட்டது, அதற்கு மேலே இருக்க வேண்டிய டிக் டிக் மட்டும் இல்லை. சரி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டிக்காரர் போனதும் மூடியைக் கழற்றிப் பார்த்தார். வால்வு இடைவெளி கன்னாபின்னாவென்று இருந்தது. அளந்து வைத்துச் சரிசெய்துவிட்டார். ஆனால் அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே பஜார் முழுக்கத் தெரியும், காது கேட்காத மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள் என்ற பயம். ஒர்க்‌ஷாப்பில் எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்ப்பார். புரியாவிட்டால் தலையாட்டிவிடுவார். பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது.

பழைய வண்டிகளின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலைப் பீய்ச்சி எஞ்சினுக்குள் அனுப்பும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வைக்கும் வேலையில் அவர் இறங்கியதற்கு உண்மையான காரணம் இதுதான். மற்றவர்களிடம் மைலேஜ், புகை, மலையேற்றம் என்று வேறு வேறு காரணம் சொன்னார். இன்ஜெக்‌ஷனில் காதால் கேட்டு முடிவுசெய்ய வேண்டியது குறைவு. சைலன்சர் வளைவில் ஒரு சென்சார் வைத்தால், எரிகிற பெட்ரோலும் காற்றும் என்ன அளவில் இருக்கின்றன என்று அது சொல்லும். லேப்டாப்பில் எண் தெரியும். எண்ணைப் படிக்கக் காது வேண்டாம்.

முதலில் தன் சொந்தப் பழைய நூறு சிசி வண்டியில் முயன்றார். யூடியூபில் எழுத்து ஓடும் வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்துக் கற்றார். முதல் தடவை ப்ளக் நனைந்து வண்டி உயிர்பெறவே இல்லை. இரண்டாம் தடவை தோப்பும்படி பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது, பின்னால் தனியார் பஸ் ஒன்று ஹாரனை அழுத்தியபடி நின்றது. மூன்றாம் தடவை ஓடியது. ஒரு குறை மட்டும் இருந்தது. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி ரீங்கரித்து அடங்க வேண்டும், அது அவருக்குக் கேட்கவில்லை. டேங்கில் உள்ளங்கையை வைத்து அதிர்வைத் தெரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வண்டிகள் செய்து கொடுத்தார். மூன்றாவதாக வந்ததுதான் வெங்கடேஸ்வரனின் தொண்ணூற்றாறு மாடல் புல்லட். வெங்கடேஸ்வரன் ஜூ டவுனில் ஒரு ஏலக்காய் கிடங்கில் மேற்பார்வை பார்ப்பவர், முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணமான புதிதில் மனைவியோடு மூணாறு போனபோது, மேலே ஏற ஏற வண்டி மூச்சுத் திணறி, பாதி வழியில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மறுபடி இருவரும் மூணாறு போகத் திட்டமிட்டிருந்தார்கள், இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது என்பதற்காகவே மாற்றச் சொன்னார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. பற்சக்கரமும் சென்சாரும் வைத்து, டைனமோவுக்குப் புதிதாகக் கம்பி சுற்றி, பம்பைப் பொருத்தினார். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாக வழிந்து இறங்கும், சாதாரண ரப்பர் குழாய் போதும். இன்ஜெக்‌ஷனில் பம்ப் தள்ளுகிற பெட்ரோலுக்கு டயர் காற்றைவிட அதிக அழுத்தம். அதற்கென்று தடித்த குழாய் இருக்கிறது, அதைச் சுற்றிப் பிடிக்கத் திருகு கிளிப் இருக்கிறது. அந்தக் குழாய் வரத் தாமதமானது. சோதித்துப் பார்ப்பதற்காக மட்டும் வெள்ளிக்கிழமை பழைய குழாயைப் போட்டு ஓட்டினார். சனிக்கிழமை காலை புதியது வந்தது. அளந்து வெட்டி, கிளிப்பும் கோத்து, மேசையில் வைத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வெங்கடேஸ்வரன் வருவதாகப் பேச்சு.

அவர் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். உற்சாகமாக இருந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பேசிக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த இரைச்சலில் சைபுதீனுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. தலையாட்டினார். இருவரும் போர்ட் கொச்சி கடற்கரை வரை ஒரு சுற்று போய் வந்தார்கள். வண்டி தண்ணீர் போல ஓடியது. வெங்கடேஸ்வரன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியோடு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒர்க்‌ஷாப்பைப் பெருக்கப் போன சைபுதீன், மேசை மேல் அந்தப் புதிய குழாயைப் பார்த்தார்.

வெங்கடேஸ்வரன் முன்கூட்டியே வந்த அவசரத்தில் மாற்ற மறந்த பழைய குழாய் வண்டியிலேயே இருக்கிறது. அது எஞ்சினுக்கு மேலே, தொட்டால் தோல் உரியும் இரும்புக்கு நாலு விரல்கடை தூரத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கே மூணாறு கிளம்பிவிடுவோம் என்று வெங்கடேஸ்வரன் சொன்னது அவருக்குப் புரிந்த சில விஷயங்களில் ஒன்று.

போனை எடுத்து அழைத்தார். காதில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. "வெங்கடேஸ்வரன், வண்டிய நிறுத்துங்க. உடனே நிறுத்துங்க" என்றார். முணுமுணுப்பு நிற்கவில்லை. மறுபடி சொன்னார். அப்புறம்தான் அது வெங்கடேஸ்வரனா, போன் கம்பெனியின் பதிவுக் குரலா என்று தனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

குழாயையும் ஸ்பேனர்களையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மனைவி ரம்லத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போனை அவளிடம் நீட்டி, "இதுல என்ன சொல்றாங்கன்னு கேளு" என்றார்.

அவள் கேட்டாள். "தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வருது. இது தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குக் கேக்கல ரம்லத். ரெண்டு வருஷமா கேக்கல."

என்ன நடந்தது என்று அவர் நாலு வரியில் சொன்னார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து அவர் வண்டியில் ஏறினாள். ஓட்டுவது அவர், போன் பேசுவது அவள். எடுத்தால் தோளில் இரண்டு தட்டு, எடுக்காவிட்டால் ஒரு தட்டு என்று ஏற்பாடு.

குண்டன்னூர் தாண்டும்வரை ஒரு தட்டு. திருப்பூணித்துறையில் ஒரு தட்டு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாலை காலியாக இருந்தது, அதுவே அவருக்குப் பயத்தைக் கூட்டியது, அவர்களும் இதே போல வேகமாகப் போயிருப்பார்கள். எதிரே கூட்டம் தெரிந்த இடத்திலெல்லாம் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். ஒரு கூட்டம் மீன் வண்டியைச் சுற்றி. இன்னொன்று பள்ளிக்கு வெளியே ஏதோ பந்தல். மூவாற்றுப்புழையில் சிக்னலில் நின்றபோது ரம்லத் அவர் காதருகே வந்து ஒன்று சொன்னாள். அவ்வளவு பக்கத்தில் சொன்னதால் கேட்டது.

"நான் பேசினா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறீங்கன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா. என்மேல வெறுப்புன்னு நெனச்சேன்."

பச்சை விழுந்ததும் அவர் வண்டியை எடுத்தார்.

கோதமங்கலத்துக்குச் சற்று முன்னால் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. ஓரமாக நிறுத்தினார். எடுத்தது வெங்கடேஸ்வரனின் மனைவி பாக்கியலக்ஷ்மி. நேரியமங்கலம் பாலம் தாண்டி ஒரு சாயாக்கடையில் நிற்கிறார்களாம். ஒரு மணி நேரமாகப் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல, புது வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கணவர் சொன்னாராம். வண்டி எங்கே நிற்கிறது என்று ரம்லத் கேட்டாள். கடை அடுப்புக்குப் பக்கத்தில்.

ரம்லத் அதையெல்லாம் சைபுதீனின் காதருகே சொன்னாள். "சாவிய எடுக்கச் சொல்லு. ஸ்டார்ட் பண்ண வேண்டாம், தள்ளிக்கிட்டு தூரமாப் போகச் சொல்லு. யாரும் பீடி சிகரெட் பத்த வைக்க வேண்டாம்" என்றார். ரம்லத் ஒவ்வொன்றையும் நிதானமாக, இரண்டு தடவை சொன்னாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது புல்லட் சாலையோரம் ஒரு பலாமரத்தடியில் தனியாக நின்றது. நல்லவேளை, எதுவும் ஆகியிருக்கவில்லை. குழாய் ஊதி மெத்தென்று இருந்தது, கிளிப் ஓரத்தில் பெட்ரோல் முத்து முத்தாகத் துளிர்த்துச் சிலிண்டர் பக்கம் வழிந்திருந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். கிளிப்பை இறுக்கிவிட்டு, சாவியைத் திருப்பச் சொல்லி, ரம்லத்தைப் பக்கத்தில் நிறுத்தி, பம்ப் சத்தம் வருகிறதா என்று கேட்டார். வருகிறது, நின்றுவிட்டது என்றாள். மூட்டுகளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

வெங்கடேஸ்வரன் எதிரே வந்து நின்றார். "இக்கா, நேத்து நான் கேட்டேனே. எல்லாம் முடிஞ்சதா, ஏதாவது பாக்கி இருக்கான்னு. முடிஞ்சதுன்னு தலையாட்டினீங்களே?"

சைபுதீனுக்கு அந்தக் கேள்வி அப்போதுதான் முதல்முறையாக வந்து சேர்ந்தது. லாரி இரைச்சல், அசையும் உதடு, தான் ஆட்டிய தலை. இரண்டு வருடமாக எத்தனை கேள்விகளுக்கு இப்படி ஆட்டியிருப்போம் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எனக்குக் கேக்கல" என்றார். "கேக்காமலே ஆட்டினேன். காது போயி ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லல."

வெங்கடேஸ்வரன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பாக்கியலக்ஷ்மி அந்த வண்டியில் இனி ஏறமாட்டேன் என்றாள், அடுத்து வந்த மூணாறு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். வெங்கடேஸ்வரன் பஸ்ஸுக்குப் பின்னால் புல்லட்டில் போனார். சைபுதீனும் ரம்லத்தும் அடிமாலி வரை அவருக்குப் பின்னாலேயே போய்விட்டுத்தான் திரும்பினார்கள். புல்லட் ஏற்றத்தில் ஒரு தடவைகூடத் திணறவில்லை. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, குழாயைத்தான் பார்த்துக்கொண்டே போனார்.

அந்த வாரமே எர்ணாகுளத்தில் காதைச் சோதித்தார்கள். மெல்லிய, கீச்சான சத்தங்கள் போய்விட்டன, இனித் திரும்ப வராது, மெஷின் வைத்தால் சமாளிக்கலாம் என்றார் மருத்துவர். மெஷின் வைத்த முதல் நாள் காக்காய்க் கத்தலே இடி மாதிரி இருந்தது. மற்ற இரண்டு இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களையும் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, குழாய்களை மறுபடி சோதித்துக் கொடுத்தார். ஒருவர் அதற்குப் பின் வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார். வண்டியை ஒப்படைக்கும் நாளில் இப்போது ரம்லத் வந்து பம்ப் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகிறாள்.

வெங்கடேஸ்வரன் ஒன்றரை மாதம் கழித்து சர்வீஸுக்கு வந்தார். விட்டுவிட்டுப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகப் பார்த்தார். டேங்குக்கு அடியில் இருட்டாக இருந்தது. சைபுதீன் டார்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இங்க அடிங்க, உங்களுக்கும் தெரியட்டும்" என்றார். வெங்கடேஸ்வரன் ஸ்டூலைவிட்டு எழுந்து, தரையில் மண்டியிட்டு, வெளிச்சத்தைப் பிடித்தார்.