முழுகாமல் இருந்த கோழி

ஈரக் கோழியின் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, தெரியாது. ஆனால் விளக்கெண்ணெய் தடவி, சீயக்காய் தேய்த்து, வெந்நீரில் முழுக்காட்டிய கோழியின் வாசனை என்னைத் தவிர இந்த உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில், இரண்டாம் வகுப்பில் இருந்தேன்.

எங்கள் வீட்டுப் புழக்கடையில் இருந்த ஒரே கோழிக்குக் 'கோர்வை' என்று பெயர். சேலையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறொரு நிறத்திலும் நெய்து இணைப்பதைத்தான் எங்கள் பக்கம் கோர்வை என்பார்கள். இந்தக் கோழிக்கும் உடம்பெல்லாம் கருப்பு, கழுத்து மட்டும் கோடு போட்டாற்போலச் செம்பழுப்பு என்பதால் அப்பா, அவரை நாங்கள் 'நைனா' என்போம், அந்தப் பெயரை வைத்தார். அது இடுகிற முட்டை அப்போது எனக்குக் கிடையாது, அண்ணிக்கு. முந்தின வருஷம்தான் வாலாஜாபாத்திலிருந்து கல்யாணமாகி வந்திருந்த அண்ணி எனக்குத் தலை பின்னுவாள், சண்டைக்கு வருகிறவர்களிடம் எனக்காகப் பொய் சொல்வாள். ஆகவே முட்டையை விட்டுக்கொடுத்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை கோர்வை இரை எடுக்காமல் துளசி மாடத்தின் பின்னால் போய் நின்றுகொண்டது. வால் தொங்கிப்போய், கண் செருகி, அடிவயிறு தரையில் இடிக்கிற அளவுக்கு வீங்கிக் கிடந்தது. எதிர்வீட்டு ராஜம்மா வந்து தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிட்டாள்: "பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியப் பூரா முழுங்கிட்டு வந்துருக்குதும்மா. வவுறு ஊதிப்போச்சு." பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றினார்கள், மறுநாள் ஓமத்தண்ணீர், அதற்கும் மறுநாள் வயிற்றில் மஞ்சள் பற்று, வயிறு ஒரு விரற்கடை கூட வற்றவில்லை. நைனா எட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழம வரிக்கும் பாரு. தேறலன்னா குழம்பு வெச்சிடு, தானா செத்துப்போனா அதுக்கும் ஆவாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார். நான் துளசி மாடத்தருகே போய்க் கோர்வையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆனால் நோயின் மூலம் எனக்குத் தெரியும் என்று நான் நம்பினேன். சில மாதங்களுக்கு முன் இதே ராஜம்மா, "உன் மருமவ முழுகாம இருக்காளாமே?" என்று அம்மாவிடம் காதைக் கடித்ததை நான் கேட்டிருந்தேன். அண்ணிக்கு அப்போது ஓயாத வாந்தி. மேலுக்கு ஊற்றிக்கொள்வதோடு சரி, தலைக்கு முழுகியதை நான் பார்க்கவே இல்லை. அதன் பிறகுதான் அவள் வயிறு பெரிதாகத் தொடங்கியது. இரண்டையும் முடிச்சுப் போட ஏழு வயசு அறிவு தாராளமாகப் போதும். தலைக்கு முழுகாதவர்களுக்கு வயிறு வீங்கும். அன்றுவரை சீயக்காய்க் கரண்டியைக் கண்டாலே தெருவைத் தாண்டி ஓடிய நான், அது புரிந்த நாள் முதல் வெள்ளிக்கிழமை ஆனால் நானே மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ள, "இவளுக்கு என்னா வந்துச்சு?" என்று அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். கோர்வையோ பிறந்த நாள் முதல் மண்ணில் புரண்டதே ஒழிய முழுகியதே இல்லை. இதில் இன்னும் என்ன சந்தேகம்?

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கு ஏதோ விடுமுறை. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட எல்லோரும் போய்விட்டார்கள். அண்ணி மட்டும் உள்ளே உட்கார்ந்து தார்க் குச்சியில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். புழக்கடை அடுப்பில் எங்கள் எண்ணெய்க் குளியலுக்காகத் தவலையில் வெந்நீர் இருந்தது. கோர்வைக்கு முதலில் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தேன், கொண்டையில் வழிந்தது. பிறகு முதுகு, வயிறு, வால் புறம் என்று ஓரிடம் விடாமல் தேய்த்தேன். பெரிய பேசினில் வெந்நீரை விளாவி அதை உட்கார வைத்ததும் ஒரு தடவை படபடவென்று அடித்துக்கொண்டது, அப்புறம் சூடு சுகமாக இருந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே அமர்ந்துவிட்டது. தண்ணீர் ஆற ஆற வெந்நீரை ஊற்றி, சீயக்காயும் தேய்த்து, வெகுநேரம் முழுக்காட்டினேன்.

"அடிப்பாவி! கோழியத் தண்ணில போட்டு சாவடிக்கிறியேடி!" கஞ்சிக் கையோடு அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"இல்லம்மா. கோழி முழுகாம இருக்குதும்மா. அதான் வவுறு பெருசாயிடுச்சி. அண்ணிக்கும் அதானே?"

சத்தம் கேட்டு வந்த அண்ணி சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜம்மா ஓடி வந்து விஷயத்தைக் கேட்டாள். அதற்கு மேல் தெரு முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? நான் அவமானத்தில் அழுதுகொண்டே கோர்வையைத் துண்டில் சுற்றி, கூடையில் வைத்து, அடுப்பருகே உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்காதபோது அது இரண்டு தரம் முக்கியது. துண்டை விலக்கினால், ஓடே இல்லாமல் கொழகொழவென்று பெரிதாக ஒரு தோல் முட்டை! கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, இது நல்ல ஓட்டோடு. கஞ்சியும் இல்லை, வாயுவும் இல்லை. முட்டை அடைத்துக்கொண்டு வெளியே வர முடியாமல் தவித்திருக்கிறது, எண்ணெயும் வெந்நீரும் வழியை இளக்கிவிட்டன. நைனா கூடைக்குள் பார்த்து, "பொழச்சிக்கும்பா" என்றார்.

எல்லோரும் கோழியைச் சுற்றி நின்றபோது நான் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு அண்ணியிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்கும் தேறாவிட்டால் நைனா என்ன சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். "நீயும் முழுகிடு அண்ணி, உனக்கும் சரியாப் பூடும்" என்றேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பின்னலை அவிழ்த்து, துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, எனக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள். அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

புழக்கடை இருந்த இடத்தில் இப்போது அண்ணன் மகன் கார் நிறுத்துகிறான். முட்டை அட்டையில் அடுக்கி வருகிறது. போன மாதம் அண்ணியின் பேத்தி போனில், "ஆயா, நான் கன்சீவ் ஆயிருக்கேன்" என்றாள். அண்ணி சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தபடி, "உங்க அத்த ஆயா கிட்ட மட்டும் போவாதம்மா, புடிச்சி முழுக வெச்சிடுவா" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கர்ப்பமாக இருப்பதை 'முழுகாமல் இருப்பது' என்கிற பேச்சையே அவள் கேட்டதில்லையாம். நானும் அண்ணியும் மாற்றி மாற்றிச் சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. இன்றைக்கு அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு எல்லாமே சரியாகத் தெரிகிறது, நல்லதுதான். நான் மட்டும் தப்பாகப் புரிந்துகொண்டு ஓர் உயிரைக் காப்பாற்றினேன். சரியாகப் புரிய ஆரம்பித்த பிறகு எதையும் காப்பாற்றியதாக எனக்கு நினைவில்லை.